101.1-இல் மூன்று ஊர்கள்

அமெரிக்க நகரங்களில் பழைய பாட்டு வானொலி நடத்தும் நிறுவனங்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மடல் தமிழில் இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். உங்கள் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் விசாரித்தால் படித்துச் சொல்ல ஒருவராவது கிடைப்பார். வேலைக்காக மாநிலம் மாநிலமாகக் கார் ஓட்டுகிறவன் நான். ஊர் மாறினால் முதலில் ரேடியோவைத்தான் திருப்புவேன். அப்படியே உங்கள் நிலையங்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுக் கேட்கும் பழக்கமும் வந்துவிட்டது. பழைய பாட்டை நீங்கள் எந்த வருடத்தது என்று மட்டுமே பார்க்கிறீர்கள். அதற்கு ஊர்க் கணக்கும் ஒன்று உண்டு, அதைக் கைவிட்டுவிட்டீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

எஃப்எம் டயலில் 101.1 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கில் அந்த எண்ணில் டபிள்யூசிபிஎஸ்-எஃப்எம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் அதே எண்ணில் கே-எர்த். லூசியானாவில் யூனிஸ் என்ற சின்ன ஊரில் அதே எண்ணில் கேபிஓஎன். முதல் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீட்டர். ஆனால் டிராஃபிக் செய்தியும் விளம்பரமும் வராத நேரத்தில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், எது எந்தக் கடற்கரை என்று சொல்ல என்னால் முடிவதில்லை. அதே எண்பதுகளின் பாட்டு, அதே வரிசைச் சாயல், அதே உற்சாகக் குரல். இரண்டும் இன்று ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால் அதில் ஆச்சரியமும் இல்லை. கேபிஓஎன்னை வைத்தால் ஊர் உடனே தெரிந்துவிடும். அங்குள்ள பிரெஞ்சு வழி வந்தவர்களின் கேஜன் அக்கார்டியன் வரும், அதே வட்டாரக் கறுப்பினத்தவரின் ஜைடிகோ இசை வரும், தென் லூசியானாக்காரர்கள் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தங்களுக்கென்று உருவாக்கிக்கொண்ட ஸ்வாம்ப் பாப் வரும். அந்தப் பாட்டுகளில் பல அந்த வட்டாரத்தைத் தாண்டிப் பெரிதாக ஓடியதே இல்லை. ஆனால் அங்கே உள்ளவர்களுக்கு அவைதான் பழைய பாட்டு.

பெரிய நகரங்களுக்கு இப்படிச் சொந்தச் சரக்கு இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது நிரம்பி வழிகிறது.

கரோலினா மாநிலங்களைப் பாருங்கள். அங்கே 'பீச் மியூசிக்' என்றால் கலிஃபோர்னியாவின் அலைச்சறுக்குப் பாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. அது கறுப்பினக் கலைஞர்களின் ரிதம் அண்ட் புளூஸ். மர்ட்டில் பீச் பக்கத்துக் கடற்கரைகளில் ஷேக் என்ற ஜோடி நடனம் ஆடுவதற்கென்றே அந்த ஊர்க்காரர்கள் பொறுக்கி எடுத்துச் சேர்த்த பாட்டுகள். தெற்குக் கரோலினா 1984-இல் ஷேகைத் தன் மாநில நடனமாகவே அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், அதில் பல பாட்டுகள் கரோலினாவில் பதிவானவையே அல்ல. சேர்மென் ஆஃப் த போர்ட் டெட்ராய்ட்டில் உருவான குழு. கரோலினாக்காரர்கள் அவர்களைத் தங்கள் ஆட்களாகவே ஆக்கிக்கொண்டார்கள். ஒரு ஊருக்கு எது பழைய பாட்டு என்பதைப் பாடல் பிறந்த இடம் முடிவு செய்வதில்லை, எந்த இரவில் யார் அதற்கு ஆடினார்கள் என்பதே முடிவு செய்கிறது. இதை எந்தத் தேசிய அட்டவணையிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஊரில் வளர்ந்த ஒருவரைத்தான் கேட்க வேண்டும்.

பிட்ஸ்பர்க்கில் போர்க்கி செட்விக் என்றொரு அறிவிப்பாளர் இருந்தார். 1948-இல் ஹோம்ஸ்டெட்டில் இருந்த டபிள்யூஎச்ஓடி என்ற சின்ன நிலையத்தில் தொடங்கியவர். கடைகளில் விலைபோகாமல் கிடந்த கறுப்பினக் கலைஞர்களின் ரெக்கார்டுகளைத் தேடி எடுத்து 'டஸ்டி டிஸ்க்ஸ்' என்ற பெயரில் போட்டார். ஓல்டீஸ், அதாவது பழைய பாட்டு, என்ற வானொலி வகை உருவாவதற்குப் பல வருடம் முன்பே அந்த ஊருக்குப் பழைய பாட்டு கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. மற்ற நகரங்களில் யாருக்கும் தெரியாத பாட்டுகள் பிட்ஸ்பர்க்கில் எல்லோருக்கும் தெரியும் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் கதை இன்னும் சுவையானது. ஆர்ட் லபோ என்ற வானொலி அறிவிப்பாளர் இளைஞர்களுக்கு நடன நிகழ்ச்சி நடத்த நினைத்தபோது நகர விதிகள் குறுக்கே நின்றன. எல்லைக்கு வெளியே எல் மான்டேவுக்குப் போய் நடத்தினார். கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோ வழி வந்தவர்கள் என்று எல்லோரும் ஒரே தரையில் ஆடினார்கள். 1959-இல் பழைய வெற்றிப் பாட்டுகளைத் தொகுத்து எல்பியாக வெளியிட்டார். ஓல்டீஸ் என்ற சொல் ஊர் வாயில் ஏறியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2022 அக்டோபரில் தன் 97-ஆம் வயதில் இறக்கும் வரை வானொலியில் இருந்தார். அவர் நிகழ்ச்சியின் உயிர் நேயர் விருப்பம்தான். சிறையில் இருக்கும் அப்பாவுக்காகப் பிள்ளை ஒரு பாட்டுக் கேட்கும். மனைவி கணவனுக்குச் சேதி சொல்லுவாள். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மெதுவான சோல் பாட்டு ஒன்றைப் போடுவார். கலிஃபோர்னியாவின் சிக்கானோ குடும்பங்கள், அதாவது மெக்சிகோ வழி வந்த அமெரிக்கக் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த 'லோரைடர் ஓல்டீஸ்' அது; தரையோடு தாழ்த்தி அலங்கரித்த லோரைடர் கார்களின் பெயரில் வந்த பெயர். பெரிய நிலையங்களின் பகல் நேரப் பட்டியலில் அந்தப் பாட்டுகளைத் தேடினால் விரல் விட்டு எண்ணலாம்.

டெட்ராய்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, மோடவுன் என்ற புகழ்பெற்ற ரெக்கார்டு நிறுவனம் 1959-இல் தொடங்கிய ஊர். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த ஊர் இளைஞர்கள் அந்தக் காலத்தில் கேட்ட பெரிய நிலையம் ஆற்றுக்கு அக்கரையில், கனடாவின் வின்சரில் இருந்தது: 800 கிலோஹெர்ட்ஸில் 50,000 வாட் சக்தியோடு ஒலித்த சிகேஎல்டபிள்யூ. 1971-இல் கனடா, தன் நாட்டுப் பாட்டு 30 சதவீதம் ஒலிக்க வேண்டும் என்று விதி போட்டது. அதனால் டெட்ராய்ட்காரர்களின் இளமை நினைவுகளில் கனடா நாட்டுப் பாட்டுகளும் கலந்துவிட்டன. கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் எழுதிய விதி அமெரிக்க நகரம் ஒன்றின் பழைய பாட்டுப் பட்டியலையே மாற்றிவிட்டது. அட்லாண்டாவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் ஒரே பட்டியலை அனுப்பும்போது இதெல்லாம் எங்கே போகிறது?

சரி, இப்படி ஆனதற்குக் காரணம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1996 தொலைத்தொடர்புச் சட்டத்துக்கு முன்பு ஒரு நிறுவனம் நாடு முழுக்க 40 நிலையங்கள் வரைதான் வைத்துக்கொள்ளலாம். அந்த உச்சவரம்பு போனதும் ஒரே நிறுவனம் 1,200-க்கு மேல் வாங்கிக் குவித்தது. வாங்கிய கடனை அடைக்க ஆட்களைக் குறைத்தார்கள். ஒருவர் ஒரு நகரத்தில் உட்கார்ந்து பல நகரங்களுக்குக் குரல் பதிந்து அனுப்பும் வாய்ஸ் டிராக்கிங் வந்தது. உரிமம் பெற்ற ஊரிலோ அதன் அருகிலோ ஸ்டுடியோ வைத்திருக்க வேண்டும் என்ற பழைய விதியையும் அமெரிக்க அரசின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி 2017-இல் எடுத்துவிட்டது. ஊரில் காலே வைக்காமல் ஊர் வானொலி நடத்த முடியும் என்றானது.

அப்புறம் விளம்பரதாரர்களின் கணக்கு. 25 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் கேட்டால்தான் அவர்கள் நிலையத்துக்குக் காசு கொடுக்கிறார்கள். 1950-இல் பிறந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பீட்டில்ஸ் அமெரிக்காவில் வந்து இறங்கிய 1964-இல் அவருக்கு வயது 14. 2005-இல் 55 ஆகிறது. கணக்கிலிருந்து வெளியே போகிறார். 1972-இலிருந்து பழைய பாட்டு ஒலித்துவந்த டபிள்யூசிபிஎஸ்-எஃப்எம் அதே 2005 ஜூன் 3-ஆம் தேதி மாலை அறிவிப்பாளர்களை அனுப்பிவிட்டு 'ஜாக்' என்ற கலவைப் பாட்டு நிலையமாக மாறியது. அதே நாளில் சிகாகோவின் டபிள்யூஜேஎம்கேவும் அப்படியே மாறியது. ஒரே நாளில் இரண்டு நகரங்கள்! ஊரைப் பார்த்து எடுத்த முடிவாக இருந்தால் தேதி ஒன்றாக இருக்குமா? நியூயார்க்கில் நேயர்கள் கொதித்தார்கள். மேயரே பகிரங்கமாகக் கோபப்பட்டார். 2007 ஜூலை 12-இல் பழைய பாட்டு திரும்பி வந்தது. ஆனால் ஐம்பதுகள் பெரும்பாலும் ஓரம் கட்டப்பட்டிருந்தன. ஞாயிறு இரவுகளில் அதே அலைவரிசையில் டூ-வாப் கேட்டு வளர்ந்த ஊர் அது. தெருமுனைகளில் நின்று நாலைந்து பையன்கள் வாத்தியமே இல்லாமல் பாடிய பாட்டு. இன்று பகலில் அந்த எண்ணைத் திருப்பி அதைத் தேடுகிறவர் ஏமாந்துதான் போவார்.

யார் எந்த நிலையத்தைக் கேட்கிறார்கள் என்று அளவிடும் முறையும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. முன்பெல்லாம் எல்லா ஊரிலும் நேயர் டைரியில் எழுதிக் கொடுப்பார். பிடித்த நிலையத்தின் பெயரைத்தான் பெரும்பாலும் எழுதுவார். 2007-இலிருந்து பெரிய மார்க்கெட்டுகளில் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் பிபிஎம் கருவி வந்தது. காதுக்குக் கேட்காத குறியீட்டைப் பிடித்து, கேட்டதை நிமிடக் கணக்கில் பதிந்துகொள்ளும். கடையில், பல் டாக்டர் அறையில் ஓடுவதும் அதில் சேரும். யாரையும் உறுத்தாத பாட்டுக்கு லாபம், தெரியாத பாட்டுக்கு நஷ்டம். அதனால் சில நூறு பாட்டுகளை மட்டும் வைத்துச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். சின்ன மார்க்கெட்டுகளில் டைரி தொடர்ந்ததும், அங்கே பட்டியல் கொஞ்சம் தாராளமாக இருப்பதும் தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். லாங் ஐலண்டின் சாக் ஹார்பரில் டபிள்யூஎல்என்ஜி பழைய ஜிங்கிள்களோடும் ஊர்த் திருவிழா நேரடி ஒலிபரப்புகளோடும் பெயர் வாங்கியது. இத்தனைக்கும் நியூயார்க் நகரம் அங்கிருந்து சில மணி நேரப் பயணம்தான்.

"வயதானவர்களுக்குப் போட்டால் பிழைக்க முடியாது" என்பீர்கள். சிகாகோவுக்கு வாருங்கள். 2015-இல் அங்கே மீடிவி எஃப்எம் வந்தது. அது முறையான எஃப்எம் நிலையம்கூட இல்லை. குறைந்த சக்தித் தொலைக்காட்சி ஒன்றின் ஆறாம் சேனல் ஒலி, எஃப்எம் டயலின் அடிமட்டத்தில் 87.7-இல் கேட்கும். அவ்வளவுதான். அந்த ஓட்டைக்குள் நுழைந்து, மற்றவர்கள் தூக்கிப் போட்ட மெல்லிய பாட்டுகளை விரிவான பட்டியலோடு ஒலிபரப்பினார்கள். கூட்டம் சேர்ந்தது. 2021 ஜூலையில் அனலாக் தொலைக்காட்சி முற்றிலும் நின்றபோது சிறப்பு அனுமதி வாங்கித் தொடர்ந்தார்கள். முழு உரிமமும் பெரிய டவரும் வைத்திருக்கும் உங்களால் முடியாதது, டயல் ஓரத்தில் ஒண்டிக்கொண்டவர்களால் எப்படி முடிந்தது? எனக்கு இதற்கு நேரான பதில் யாரும் சொன்னதில்லை.

பட்டியலோடு நேரடித் தொடர்பு இல்லை என்றாலும், இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அமெரிக்க ஏஎம், எஃப்எம் நிலையங்கள் பாட்டு எழுதியவருக்குத்தான் பணம் கொடுக்கின்றன, பாடியவருக்கு இல்லை. சாட்டிலைட் வானொலியும் இணைய வானொலியும் பாடியவருக்கும் கொடுக்கின்றன. 1972-க்கு முந்தைய பதிவுகளுக்கு டிஜிட்டல் உரிமைத்தொகையை 2018 சட்டம் உறுதி செய்தது. உங்கள் எஃப்எம் மட்டும் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. எழுபது, எண்பது வயதில் இருக்கும் அந்தப் பாடகர்களுக்குப் பணமும் இல்லை, ஒலிபரப்பும் இல்லை என்றால் கொஞ்சம் அதிகம்தான். குறைந்தபட்சம் உள்ளூரில் உயிரோடு இருப்பவர்களையாவது ஸ்டுடியோவுக்கு அழைத்துப் பேச வையுங்கள்.

எஃப்சிசிக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்கலாம். எழுதிப் பயன் இல்லை. எந்த வகைப் பாட்டு போடுவது என்பதில் எஃப்சிசி தலையிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1981-இலேயே சொல்லிவிட்டது. சந்தையே பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அப்போதைய வாதம். அந்தச் சந்தையைக் கையில் வைத்திருப்பவர்கள் நீங்கள். அதனால்தான் மடல் உங்களுக்கு வருகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வார நாட்களின் பகல் நேரத்தைத் தொட வேண்டாம். அங்கே எண்பதுகள் ஓடட்டும். சனி, ஞாயிறு மாலைகளை அந்தந்த ஊருக்கு விடுங்கள். அந்த ஊரில் வளர்ந்த ஒருவரை உட்கார வைத்து, அவர் எடுக்கும் பாட்டில் தலைமை அலுவலகம் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொலைபேசியை மனிதர் ஒருவர் எடுக்கட்டும், நேயர் விருப்பம் பெயரோடு வரட்டும். ஐம்பதுகளுக்கும் அறுபதுகளுக்கும் பிரதான அலைவரிசையில் இடமே இல்லை என்றால், கையில் இருக்கும் எச்டி துணை அலைவரிசையில், அதாவது அதே எண்ணோடு சேர்ந்து டிஜிட்டலாகப் போகும் கூடுதல் ஒலியில், போடுங்கள். அப்படிப் போடுவதை விளம்பரமும் செய்யுங்கள். பலர் வாங்கிய காரிலேயே அது கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் தொடங்கச் சொல்லவில்லை. வடக்குக் கரோலினாவின் சார்லட், பிட்ஸ்பர்க், டெட்ராய்ட், இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். ரேட்டிங் விழுந்தால் எடுத்துவிடுங்கள். நான் மறு மடல் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
ஊர் ஊராக டயல் திருப்பும் நேயன்