2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: மீமுரே மண் வீடுகளை நோக்கிய பயண ஏற்பாடு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளவத்தையில் இயங்கிவரும் எமது சங்கத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்பாடுகள் பற்றிய அறிக்கையை இப்பொதுக்கூட்டத்தில் சமர்ப்பிக்கின்றேன். மாதாந்தக் கூட்டங்கள் பதினொன்று கூடின. நூலகம் வாரத்தில் மூன்று மாலைகள் திறந்திருந்தது. பொங்கல் விழாவும் நவராத்திரி விழாவும் அங்கத்தவர்களின் நன்கொடையால் குறைவின்றி நிறைவேறின. இவை சென்ற ஆண்டைப் போலவே நடந்தமையால், சங்கத்தின் நேரத்தையும் சிந்தனையையும் இவ்வாண்டில் பெரிதும் எடுத்துக்கொண்ட ஒரே விடயத்தையே இங்கு விரித்து எழுதுகின்றேன். அது, எதிர்வரும் 2025 ஏப்ரல் 5ஆம் திகதி சனிக்கிழமை, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடியிலுள்ள மீமுரே கிராமத்துக்கு நாம் மேற்கொள்ளவிருக்கும் பயணமாகும்.

இந்த எண்ணம் மார்ச் மாதக் கூட்டத்தின் பின் தேநீர் அருந்தும் வேளையில் பிறந்தது. முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்து எம்மோடு நெடுங்காலமாக இருக்கும் மூத்த அங்கத்தவர் ஒருவர், தாம் பிறந்த மண் வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். காலி வீதியோரத்துத் தொடர்மாடியின் நான்காம் தளத்தில் பிறந்து வளரும் அவருடைய பேத்தி, "மழை பெய்தால் வீடு கரைஞ்சு போகாதா, அம்மம்மா?" என்று கேட்டாள். "கரையும்தான் பிள்ளை. அதுக்குத்தானே வருஷா வருஷம் மெழுகிறது" என்றார் அவர். அப்பதிலின் பொருளைப் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும் என்று அங்கிருந்தோர் அனைவரும் விரும்பினர். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் அது தீர்மானமாகவே நிறைவேறிற்று.

முதற்படியாக, ஓகஸ்ட் மாதத்தில் பத்தரமுல்லையிலுள்ள 'அபே கம' மாதிரிக் கிராமத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். கொழும்பை விட்டு அதிகம் விலகாமல், பழைய சிங்களக் கிராமத்து வீட்டின் அமைப்பைக் காட்டுவதற்கு அது நல்ல இடம். ஆயினும் வீட்டின் வடிவத்தைத்தான் அங்கே காணலாம். அந்த வீட்டில் குடியிருந்து அதைப் பேணும் கையைக் காண முடியாது. மண் வீட்டைப் பொறுத்தவரை அந்தக் கைதான் பாதி வீடு என்பதே என் கருத்து. ஆகவே மக்கள் வாழும் ஊர் ஒன்றைத் தேடலானோம்.

மீமுரே கண்டி மாவட்டத்தின் உடுதும்பரப் பிரதேசத்தில், ஏறத்தாழ நானூறு பேர் வாழும் சிற்றூர். நெல்லும் மிளகும் ஏலமும் கித்துள் பனையும் அவர்களின் சீவனம். ஊருக்கு எதிரே முக்கோணமாக எழுந்து நிற்கும் லக்கேகல மலையை இராவணன் கதையோடு சேர்த்துச் சொல்வது அங்குள்ளோர் வழக்கம். நக்கிள்ஸ் பாதுகாப்பு வனம் 2010ஆம் ஆண்டில் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவினால் அறிவிக்கப்பட்டதிலிருந்து அப்பக்கம் செல்வோர் தொகை பெருகியிருக்கிறது. வீடுகளோ வேகமாக மாறி வருகின்றன. சீமெந்துக் கல்லும் தகரக் கூரையும் அங்கும் வந்துவிட்டன. கட்டிக் குடியிருப்போர் அவ்வாறு மாறுவதை நாம் குறை கூற முடியாது. இலுக்குப் புல்லால் வேய்ந்த கூரையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். அதற்கு ஆளும் வேண்டும், நாளும் வேண்டும். இருக்கும் மண் வீடுகள் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று செயற்குழு அவசரப்பட்டதன் காரணம் இதுவே.

செப்டெம்பர் மாதத்தில் பொருளாளரும் நானும் முன்கூட்டியே சென்று வந்தோம். ஊரின் மேற்புறத்தில் ஒரு மூதாட்டியார் தம் மகளோடு வாழும் வீட்டின் திண்ணையில் எம்மை அமரச் செய்தார்கள். சுவரின் ஒரு மூலையில் மண் உதிர்ந்து உள்ளேயிருந்த தடிகள் தெரிந்தன. அதன் பெயரைக் கேட்டபோது மகள் 'வரிச்சி' என்றார். நாங்கள் 'வரிச்சு' என்று சொல்லும் அதே சொல் அந்த மலை இடுக்கில் சிங்கள வாயிலிருந்து வந்தபோது எங்கள் இருவருக்கும் உண்டான மகிழ்ச்சியை இங்கு பதிவு செய்வது முறையென்றே கருதுகின்றேன். முற்றத்தில் நெல் சேமிக்கும் 'பிஸ்ஸ' ஒன்று நின்றது. கூடைபோல் முடைந்து, மண் பூசி, கற்களின் மேல் ஏற்றி, கூம்புக் கூரை கவித்த அக்களஞ்சியம் எங்கள் ஊர்க் கொம்பறையை நினைவூட்டிற்று. திண்ணைச் சுவரில் அரைவட்டமாக ஐந்து விரல்களின் தடம் வரிசை வரிசையாகப் படிந்திருந்தது. சென்ற புத்தாண்டுக்கு மெழுகிய கை அது என்று மூதாட்டியார் தம் வலக்கையை உயர்த்திக் காட்டினார்.

சுவர் எழும்பும் முறையையும் அவர்களிடமே கேட்டறிந்தோம். நிறுத்திய கம்புகளுக்குக் குறுக்கே மெல்லிய தடிகளைக் கொடியால் கட்டி வரிச்சு அமைக்கிறார்கள். ஊறவைத்து மிதித்துப் பதப்படுத்திய மண்ணை உருண்டைகளாக்கி, சுவரின் இருபுறமும் இருவர் நின்று ஒரே வேளையில் எதிரெதிராக அப்புகிறார்கள். அப்போதுதான் வரிச்சின் இடைவெளியில் மண்ணும் மண்ணும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். முதற்பூச்சு காய்ந்து வெடிப்பதை அவர்கள் பழுதாக எண்ணுவதில்லை. அந்த வெடிப்புகளே இரண்டாம் பூச்சுக்குப் பிடிமானமாகின்றன. களி மிகுந்தால் சுருங்கி வெடிக்கும், மணல் மிகுந்தால் உதிரும் என்பதால் இரண்டாம் பூச்சில் கலவையின் அளவைக் கையாலேயே உருட்டிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஈற்றில் புற்றுமண்ணும் சாணமும் கரைத்த மெழுகல். சாணத்திலுள்ள நார் மண்ணைப் பிணைத்து வெடிப்பைக் குறைக்கிறது. அயல் வீடொன்றில் மண் சுவருக்கு மேல் சீமெந்து பூசியிருந்ததையும் பார்த்தோம். மண் சுவர் ஈரத்தை உள்ளிழுத்து வெளிவிடும் இயல்புடையது. சீமெந்து அந்த வழியை அடைத்துவிட, உள்ளே தங்கிய ஈரம் சுவரின் அடியை இளக்கி, பூச்சே தகடு தகடாகக் கழன்றிருந்தது. மண் வீட்டின் பகை மழை மட்டுமே என்று நான் அதுவரை எண்ணியிருந்தேன். உயர்ந்த அடித்தளமும் தாழ்ந்து நீண்ட இறவாரமும் மழையைத் தாங்கிக்கொள்ளும். மெழுகுவதைக் கைவிடுவதுதான் அதற்குப் பெரிய பகை.

பயண நாளைக் குறிப்பதில் செயற்குழு மூன்று கூட்டங்களைச் செலவிட்டது. வடகீழ்ப் பருவமழை முடியும்வரை அம்மலைச்சரிவுகளை நாடுவது உசிதமன்று. மார்ச் 17 முதல் 26 வரை சாதாரண தரப் பரீட்சை நடைபெறவுள்ளது. எமது பிள்ளைகள் சிலர் தோற்றுகின்றனர். முஸ்லிம் அங்கத்தவர்களுக்கு மார்ச் முழுவதும் நோன்பு மாதம். ஆகவே ஏப்ரல் முதற்கிழமை எஞ்சியது. அது வேறொரு வகையிலும் பொருத்தமாக அமைந்தது: சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாட்களில்தான் கிராமத்தவர் வீடு மெழுகுகிறார்கள். ஏப்ரலில் பிற்பகல்களில் இடியுடன் மழை பெய்யக்கூடும் என்பதால், பிற்பகல் 1.30க்கு ஊரை விட்டுப் புறப்பட வேண்டும் என்பது மாற்றமுடியாத விதியாகும்.

கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீற்றர் அளவு. அங்கிருந்து மகியங்கனை வீதியில் தெல்தெனியவைக் கடந்து ஹுன்னஸ்கிரிய சென்று, லூல்வத்த, கோர்பெட்ஸ் கெப் கணவாய் வழியாக இறங்க வேண்டும். ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுரே சேர எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. எனவே ஒரே நாளில் கொழும்பிலிருந்து போய்வருவது முதியோருக்கும் சாரதிக்கும் ஆபத்தானது. வெள்ளிக்கிழமை மாலை புகையிரதத்தில் கண்டி சென்று தங்கி, சனிக்கிழமை விடியற்காலை 4.30க்கு வான்களில் புறப்பட்டு, அன்றிரவே கொழும்பு திரும்புவோம். பெரிய பஸ் அந்த வளைவுகளுக்கு ஏற்றதன்று. வாகன ஒழுங்கு செய்வதாக முற்பணம் பெற்ற ஒருவர், நவம்பரில் வர இயலாது என்று கூறியதோடு அப்பணத்தில் பாதியையே திருப்பித் தந்தார். பற்றுச்சீட்டுப் பெறாமல் பணம் கொடுத்தது என் தவறு. இழந்த தொகையை நானே சங்கக் கணக்கில் வைப்பிட்டுள்ளேன். இப்போது அப்பகுதி வீதிகளை அறிந்த சாரதிகளோடு எழுத்து மூலம் உடன்படிக்கை செய்யப்பட்டுள்ளது.

வளைவான மலைவீதி ஒவ்வாதவர்கள் அன்று காலை கண்டிக்கு அண்மையில், ஹாரிஸ்பத்துவவிலுள்ள மெதவல விகாரைக்குச் செல்வர். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்க மன்னன் காலத்தில், 1755இல் எழுந்த அந்தத் 'தம்பிட்ட' ஆலயம் கற்றூண்களின் மேல் மரத்தளம் பரப்பி, அதன்மேல் வரிச்சு மண் சுவர் எழுப்பிக் கட்டப்பட்டது. நிலத்து ஈரமும் கறையானும் சுவரை எட்டாதிருக்கச் செய்த அந்த ஏற்பாட்டினால், உட்சுவரின் ஓவியங்களைத் தாங்கும் மண் இன்றும் நிற்கிறது. மண்ணைத் தற்காலிகமான பொருளென்று எண்ணுவோர் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் அது. இரண்டாந்தரமானவர்களுக்கான மாற்று ஏற்பாடென்று எவரும் இதைக் கருதக்கூடாது.

கிராமத்தில் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறை குறித்தும் செயற்குழு முடிவு செய்துள்ளது. மீமுரே ஒரு கண்காட்சியன்று. வீட்டுக்காரர் அழைக்காமல் எந்த வாசலையும் தாண்டக்கூடாது. படம் எடுக்குமுன் கேட்க வேண்டும். பிளாஸ்டிக் போத்தல், உணவுப் பொதி எதனையும் விட்டு வரக்கூடாது. மதிய உணவை அவ்வூர்ப் பெண்களே சமைத்துத் தருவர். அதற்குரிய பணம் நேரடியாக அவர்களின் கையில் கொடுக்கப்படும்.

இருபத்தைந்து பேருக்கு மேல் அழைத்துச் செல்வதில்லை. ஒருவருக்கான கட்டணம் 9,500 ரூபா, பிள்ளைகளுக்குப் பாதி. பெயர் கொடுப்போர் பெப்ரவரி 28ஆம் திகதிக்கு முன் நூலகத்தில் பதிந்து, தவறாமல் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளவும். அழுக்கானாலும் பரவாயில்லை என்ற உடுப்பு ஒன்றை எடுத்து வரவும். நாங்கள் திண்ணையில் அமர்ந்த அதே வீட்டில், மேற்குச் சுவரை எமக்காக மெழுகாமல் விட்டுவைப்பதாகவும், எமது பிள்ளைகளுக்குத் தாமே கற்றுக்கொடுப்பதாகவும் அந்த மகள் ஒப்புக்கொண்டுள்ளார்.

மெதவல செல்லும் குழுவில் முல்லைத்தீவு அம்மாவின் பெயரை, முழங்கால் வலியை எண்ணி, நானே எழுதியிருந்தேன். அவர் அதை வெட்டிவிட்டு, மீமுரேப் பட்டியலின் முதல் வரியில் தம் பெயரையும் இரண்டாம் வரியில் பேத்தியின் பெயரையும் தாமே எழுதினார். முதல் வானின் முன்னிருக்கை அவருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைப் பணிவுடன் வேண்டுகின்றேன்.

செயலாளர்
கொழும்பு 06