போர்ட்டலில் இரும்பு போகாமலே இருக்கட்டும்

அன்புள்ள தம்பி,

நம் வால்ஹைம் சர்வரில் போர்ட்டல் செட்டிங்கைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். எல்லாப் பொருளும் போர்ட்டல் வழியே போகட்டும், வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் கப்பலோட்ட யாருக்கு முடியும் என்கிறாய். மற்றவர்களும் உன் பக்கம்தான் என்று தெரியும். இருந்தும் மாட்டேன் என்றுதான் சொல்லப்போகிறேன். அரட்டையில் சொன்னால் இரண்டாவது வரியிலேயே யாராவது மீம் போட்டுவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

கேம் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சுருக்கமாக: ஸ்வீடனின் அயர்ன் கேட் உருவாக்கி 2021 பிப்ரவரியில் வெளிவந்த சர்வைவல் கேம் இது. ஒரே உலகில் 10 பேர் வரை சேர்ந்து ஆடலாம். எங்கு வேண்டுமானாலும் ஒரு போர்ட்டல் கட்டி இன்னொன்றோடு இணைத்துவிட்டால், நீயும் உன் மரக்கட்டையும் இறைச்சியும் நொடியில் போய்விடலாம். செம்பு, வெள்ளீயம், வெண்கலம், இரும்பு, வெள்ளி போன்ற உலோகங்கள் போகாது. தாதுவாக இருந்தாலும் சரி, உருக்கிய கட்டியாக இருந்தாலும் சரி, பையில் ஒன்று இருந்தால் போதும், போர்ட்டல் உன்னை ஏற்காது. கப்பலில்தான் கொண்டுவர வேண்டும்.

இந்தத் தடையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். இரும்பு கிடைக்கும் சதுப்பு நிலத்தைத் தேடி ஒரே ஒருமுறை கடலில் போவோம். கரையில் போர்ட்டலை நட்டுவிட்டு வருவோம். அதற்குப் பிறகு அந்தக் கடலைத் திரும்பிப் பார்க்க ஒரு காரணமும் இருக்காது. நடுவிலிருந்து விளிம்புவரை 10 கிலோமீட்டர் நீளும் உலகம், அதில் நிறையத் தண்ணீர். அத்தனையும் வரைபடத்தில் நீலப் பூச்சாக மட்டும் மிஞ்சும். இரவிலும் புயலிலும் எழும் கடல் பாம்பை நம்மில் பாதிப் பேர் பார்க்காமலே ஆட்டத்தை முடித்துவிடுவோம்.

கப்பல்களையே எடுத்துக்கொள். கார்வே என்ற சின்னக் கப்பலைக் கட்ட 80 வெண்கல ஆணி வேண்டும். அதில் சரக்கு வைக்க இருப்பது 4 கட்டம்தான், ஒரு கட்டத்துக்கு 30 வீதம் 120 இரும்புத் துண்டு. பெரிய கப்பலான லாங்ஷிப்பில் 18 கட்டம், அதாவது 540 துண்டு. ஆனால் அதைக் கட்ட 100 இரும்பு ஆணி கேட்கிறது. ஆக, இரும்பை நிறைய அள்ளிவரும் கப்பல் வேண்டுமானால், முதல் இரும்பைச் சின்னக் கப்பலில் பயந்துகொண்டே கொண்டுவந்தாக வேண்டும். அந்தப் பயம்தான் லாங்ஷிப்புக்கு மதிப்புக் கொடுக்கிறது. போர்ட்டலில் இரும்பு போகுமென்றால் லாங்ஷிப் எதற்கு? படம் எடுக்கவா?

மோடர் என்ற டிராகன் விஷயமும் அப்படித்தான். மலையில் அவளை வீழ்த்தினால் கிடைக்கும் சக்தி, 5 நிமிடம் காற்றை உன் முதுகுப்பக்கம் திருப்பிவிடும், அவ்வளவுதான். அதற்கு முன் எதிர்காற்றில் துடுப்பு போட்டுச் சலித்தவனுக்குத்தான் அது வரம். சரக்கே ஏற்றாதவன் கையில் கொடுத்தால் என்ன செய்வான்?

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது, இந்த விதியில் அவர்களே வைத்திருக்கும் இடைவெளி. இரும்புக் கட்டி போகாது. ஆனால் அதிலிருந்து செய்த வாளும் கவசமும் தாராளமாகப் போகும். உடனே ஒரு கேள்வி வருகிறது: இரும்பைத் தளத்துக்குக் கொண்டுவருவதா, சதுப்பு நிலக் கரையிலேயே உலையும் கொல்லுப்பட்டறையும் போட்டு அங்கேயே செய்துகொள்வதா? பட்டறை போட்டால் அதைக் காக்க ஆள் வேண்டும், கரி வேண்டும், தூங்க இடம் வேண்டும். நம் வரைபடத்தில் இருக்கும் சின்னக் கரையோரக் குடில்கள் எல்லாம் இந்தக் கேள்வியால் முளைத்தவை. அழகுக்காக யாரும் அவற்றைக் கட்டவில்லை. தளத்தை எங்கே போடுவது என்று முதல் வாரம் அவ்வளவு சண்டை போட்டோமே, தூரத்துக்கு விலை இருந்ததால்தானே அது?

கப்பல் மூழ்கினால் எல்லாம் போச்சு என்று நீ எழுதியிருந்தாய். போகாது. கப்பல் உடைந்தால் சரக்கு பெட்டியாக மிதக்கும், நீ செத்தாலும் உன் கல்லறை தண்ணீரில் மிதக்கும். போய் எடுத்துவரலாம், எடுத்துவர இன்னொருவர் தேவைப்படுவார். ஒருவர் சுக்கான் பிடிக்க, ஒருவர் வில்லோடு பின்னால் நிற்க, மூன்றாமவர் வரைபடத்தைப் பார்த்து தப்புத்தப்பாக வழி சொல்ல என்று நாம் உண்மையில் சேர்ந்து ஆடுவது கப்பலில்தான். தளத்தில் இருக்கும்போது ஆளுக்கொரு மூலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறோம்.

தனியாக ஆடுபவர்களிடம் இந்த வாதம் எடுபடாது, சரி. துணையில்லாமல் அதே கடலை நாலாவது முறை கடப்பது அலுப்புதான். 2023-இல் ஹில்டிர் அப்டேட்டோடு இந்த செட்டிங்கைக் கொடுத்ததில் எனக்குக் குறையே இல்லை. உன் சொந்த உலகில் தாராளமாகத் திறந்துவிடு. போர்ட்டலே கூடாது என்று இன்னும் கடுமையான தேர்வும் அதில் இருக்கிறது, அதை நான் கேட்கவில்லை என்பதைக் கவனி. ஆனால் இது உலகம் முழுவதற்குமான செட்டிங். உனக்கு மட்டும் திறந்து எனக்கு மூடிவைக்க வழியில்லை.

(தாதுவைப் பையில் வைத்தபடி வெளியேறி, வேறொரு உலகில் இறக்கிவைத்துவிட்டு, இங்கே போர்ட்டலில் தளத்துக்கு வந்தபின் அங்கிருந்து எடுத்துவரும் தந்திரம் எனக்கும் தெரியும். போன வாரம் உன் பெட்டியில் திடீரென்று வெள்ளி நிறைந்ததை நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.)

2024-இல் வந்த ஆஷ்லாண்ட்ஸ் என்ற பகுதியில் எல்லா உலோகத்தையும் அனுப்பும் கல் போர்ட்டலே இருக்கிறது. அங்கு போய்ச் சேர கொதிக்கும் கடலைக் கப்பலில்தான் கடக்க வேண்டும். அதைக் கட்டும் நாள் வந்தால் முதல் கல்லை நானே வைக்கிறேன்.

இப்போதைக்கு ஒன்று செய்வோம். சதுப்பு நிலத்தில் தேங்கிக் கிடக்கும் இரும்பை எடுக்க சனிக்கிழமை நான் வருகிறேன், சுக்கான் உன்னிடம். மோடரை முடித்த பிறகும் செட்டிங்கை மாற்றத்தான் வேண்டும் என்றால் வாக்கெடுப்பு வைக்கிறேன், தோற்றால் மாற்றிவிடுகிறேன். விஷ எதிர்ப்பு மருந்தை மட்டும் நீ காய்ச்சி வை, என்னிடம் தேன் தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
அண்ணன்