ஹெச்சிஜி எறங்குனா பயப்படாத பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேத்து நீ போன்ல அழுததுல அம்மாவும் தூங்கல நானும் தூங்கல, அதான் லேப் தொறக்கறதுக்கு முன்னாடி உக்காந்து இத டைப் பண்றேன், போன்ல சொன்னா பாதிலயே "இல்லப்பா, ஆனாப்பா"ன்னு ஆரம்பிச்சிடுவ.

ஒம்பதாவது வாரத்துல இருந்தத விட இப்போ பதிமூணுல ஹெச்சிஜி (நஞ்சுக்கொடி சுரக்கற கர்ப்ப ஹார்மோன்) கம்மி, வாந்தியும் நின்னுடுச்சு, அதனால கொழந்தைக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நீயே தீர்ப்பு எழுதிட்ட. போன வாரம்தான மூணாவது மாச ஸ்கேன்ல, அதான் என்டி ஸ்கேன்ல, ஹார்ட்பீட் பாத்தீங்க? அதுக்கப்புறம் இந்த டெஸ்ட டாக்டர் கேக்கவே இல்ல, நீயா போய் ரத்தம் குடுத்துட்டு வந்திருக்க. லேப் வச்சிருக்கவன் பொண்ணுன்னு பேரு!

அது அப்படித்தான் கண்ணு போகும். ஆரம்பத்துல ரெண்டு மூணு நாளைக்கொரு தடவ டபுள் ஆகிட்டே ஏறும், 8லேர்ந்து 11 வாரத்துக்குள்ள உச்சிக்குப் போயிட்டு அப்புறம் எறங்கும். சினைப்பைல முட்ட வெடிச்சு வந்த எடத்துல கார்பஸ் லூட்டியம்னு ஒன்னு இருக்கு, மொத ரெண்டு மாசம் புரோஜெஸ்ட்ரான்ங்கற ஹார்மோன குடுத்து கருவ தாங்கறது அதுதான், அது வாடிப்போகாம பாத்துக்கறதுதான் ஹெச்சிஜியோட பெரிய வேல. நஞ்சுக்கொடி நல்லா வளந்ததும் அதுவே புரோஜெஸ்ட்ரான சுரக்க ஆரம்பிச்சிடும். பாலம் வந்தப்புறம் பரிசலுக்கு என்ன கிராக்கி? வாந்தி அடங்கறதும் பெரும்பாலும் இந்த சமயத்துலதான். ரத்தப்போக்கு, கடுமையான வயித்துவலி இருந்தா மட்டும் யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடு, எனக்கு போன் பண்ணிட்டு இருக்காத.

உன் பிரெண்டோட ஹெச்சிஜி நம்பர பக்கத்துல வச்சுப் பாக்கறதயும் நிறுத்து. எங்க சார்ட்ல 9லேர்ந்து 12 வாரத்துக்கு 25,700லேர்ந்து 2,88,000 வரைக்கும் நார்மல்னு போட்டிருக்கு, இவ்ளோ அகலத்துல ரெண்டு பேர் எப்படி ஒத்துப்போவாங்க. ஒரே ரத்தத்த ரெண்டு லேப்ல குடுத்தாலே கிட் மாறுனா நம்பர் மாறும். முடிக்குன்னு பயோட்டின் மாத்திர போடறியே, அதுவே சில மெஷின்ல ஹெச்சிஜி, தைராய்டு ரீடிங்க கொழப்பிடும், டாக்டர்கிட்ட சொல்லு.

தைராய்டுன்னதும் ஞாபகம் வருது. டிஎஸ்ஹெச் (தைராய்ட வேல செய்யத் தூண்டற ஹார்மோன்) கொறஞ்சிருக்குன்னு தைராய்டு மாத்திரைய பாதி ஆக்கலாமான்னு கேட்டியாம் அம்மாகிட்ட. வேண்டவே வேண்டாம். ஹெச்சிஜி பாக்க டிஎஸ்ஹெச் சாயல்லயே இருக்கறதால அதுவும் தைராய்ட தூண்டிவிடும், அதனால மொத மூணு மாசம் டிஎஸ்ஹெச் எறங்கறது சகஜம். ஏற்கனவே தைராய்டு கொறைவுக்கு மாத்திர போடறவங்களுக்கு இந்த நேரத்துல பெரும்பாலும் டோஸ் கூட்டத்தான் வேண்டி வரும். எதுவானாலும் டாக்டர் சொல்லணும்.

மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், எப்பப்பாரு தூக்கம், இதுல பெரும்பங்கு புரோஜெஸ்ட்ரான் பண்றதுதான், கொடல் தசையெல்லாம் தளந்து மெதுவா வேல செய்யும். தண்ணி குடி, கீர சாப்பிடு, நட.

ஆனா சுகர் டெஸ்ட்ட மட்டும் தட்டிக்கழிக்காத. நஞ்சு சுரக்கற ஹார்மோனுங்க போகப்போக இன்சுலின் வேலைய மட்டுப்படுத்தும், கொழந்தைக்கு சக்கர போய்ச் சேரணும்ல, அதுக்கு உன் கணையம் ஈடு குடுக்க முடியலன்னாதான் கர்ப்பகால சுகர். நம்ம ஊர் டாக்டர் சேஷையா பழக்கத்துக்கு கொண்டுவந்த மொற சுலபம், சாப்பிட்டிருந்தாலும் பரவால்ல, 75 கிராம் குளுக்கோஸ் கரைச்சுக் குடிச்சு 2 மணி நேரம் கழிச்சு ரத்தம், 140 தொட்டா கவனிக்கணும். இப்போ ஒரு தடவ, 24லேர்ந்து 28 வாரத்துக்குள்ள இன்னொரு தடவ. நம்ம காவேரிப்பட்டணத்துல கேழ்வரகு களி தின்னா சுகரே வராதுன்னு பேசிக்கறாங்க, களியும் மாவுச்சத்துதான், அளவாதான் திங்கணும். மாம்பழமும் அப்படியே, அம்மா பெட்டி பெட்டியா செந்தூரா அனுப்பப் பாக்கறா, நான் தடுத்து வச்சிருக்கேன்.

பிரசவத்துக்கப்புறம் நஞ்சு வெளிய வந்ததும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரானும் சில நாள்லயே சரசரன்னு எறங்கிடும், மூணாவது நாலாவது நாள் காரணமில்லாம அழுக வரும். மாப்ளைகிட்ட இத இப்பவே சொல்லி வை. ரெண்டு வாரத்துக்கு மேலயும் தெளியலன்னா டாக்டர்கிட்ட போகணும், பச்ச ஒடம்புக்காரி அழக்கூடாதுன்னு அதட்டுற அத்தைங்க பேச்ச கேக்காதீங்க.

இனிமே ரிப்போர்ட் போட்டோ அனுப்பறப்ப நேரா புடிச்சு எடும்மா, நார்மல் அளவு போட்டிருக்கற பக்கம் பாதி கட் ஆகியிருந்துச்சு.

அப்பா