ஆம்பூர் எந்த மாவட்டம்?

நண்பா,

காட்பாடியில் வெயில் எப்படி என்று கேட்டிருந்தாய், அதற்கென்ன குறை, பாலாறும் வழக்கம்போல மணலாகத்தான் கிடக்கிறது. பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான், எந்தக் காலேஜ் என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து. சரி, கஸ்டமர் ஊர் எந்த மாவட்டம் என்று பார்த்து பில் போட நீ எழுதி அனுப்பின ஜாவா கோடுக்கு வருகிறேன்.

வட்டம் (தாலுகா) என்ற கிளாஸை மாவட்டத்தின் சப்கிளாஸாக, அதாவது மாவட்டத்தின் ஒரு வகையாக எழுதியிருக்கிறாய். வேண்டாம்டா. எக்ஸ்டெண்ட்ஸ் போட்டால் ஒவ்வொரு வட்டமும் ஒரு மாவட்டம்தான் என்று ஆகிவிடும், மாவட்டம் கேட்கிற மெத்தடுக்குக் குடியாத்தம் வட்டத்தைக் கொடுத்தாலும் கோடைச் சரிபார்க்கிற கம்பைலர் வாயைத் திறக்காது. வட்டத்துக்குள் மாவட்டம் என்று ஒரு ஃபீல்டு (விவரம் வைக்கிற இடம்), ஊருக்குள் வட்டம் என்று ஒரு ஃபீல்டு, அவ்வளவு போதும்.

அந்த ஃபீல்டில் இருப்பது மாவட்டத்தின் நகல் இல்லை, அது எங்கே இருக்கிறது என்று சுட்டும் ரெஃபரன்ஸ்தான். நாம் பிறந்தபோது எல்லாமே வட ஆற்காடு, 1989-இல் அது இரண்டாச்சு, 2019-இல் வேலூர் மூன்றாச்சு, ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போனது, அரக்கோணம் ராணிப்பேட்டைக்கு. ஆம்பூர் வட்டத்தின் மாவட்டம் ஃபீல்டை ஒரே வரியில் மாற்றினால் அதன் கீழே உள்ள அத்தனை ஊரும் கூடவே வந்துவிட வேண்டும். நீயோ ஒவ்வொரு கஸ்டமர் முகவரியிலும் "வேலூர்" என்று ஸ்ட்ரிங்காக, வெறும் எழுத்தாக எழுதி வைத்திருக்கிறாய், யார் உட்கார்ந்து தேடுவது? மாவட்டம் உடைந்தும் வட்டம் அழியவில்லை பார், அதனால் மாவட்டத்தை உண்டாக்குகிற கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே நியூ போட்டு வட்டத்தை உண்டாக்காமல், வெளியே உண்டாக்கிக் கொடு. மாவட்டத்திலும் வட்டங்களின் லிஸ்ட் வைத்திருக்கிறாய் என்றால் வேலை இரட்டிப்பு: பழைய லிஸ்டிலிருந்து எடுப்பது, புதியதில் சேர்ப்பது, ஃபீல்டை மாற்றுவது மூன்றையும் ஒரே மெத்தடில் செய், இல்லாவிட்டால் ஆம்பூர் ரெண்டு மாவட்டத்திலும் உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் அந்த நீள வரி, கஸ்டமர்.ஊர்().வட்டம்().மாவட்டம்().பெயர்(). நடுவில் எது நல் (null, ஒன்றுமில்லை) ஆனாலும் நல் பாயிண்டர் எக்செப்ஷன் என்ற பிழைதான். எந்த மெத்தட் நல் கொடுத்தது என்று பிழைச் செய்தியிலேயே சொல்லும் வசதி ஜாவா 14-இல் வந்தது, 15-இலிருந்து தானாகவே வேலை செய்கிறது. உங்கள் ஆபீஸ் இன்னும் 8-ஐ விடவில்லை, அதனால் வெறும் வரி எண்தான் கிடைக்கும். தேடும்போது சங்கிலியை வரிக்கு ஒரு வேரியபிளாகப் பிரித்துக்கொள். ஆனால் உண்மையான மருந்து வேறு. பில் போடுகிற கிளாஸுக்கு வட்டம் என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை, ஊரிலேயே மாவட்டப்பெயர்() என்று ஒரு மெத்தட் வை, உள்ளே எப்படிப் போவது என்பது ஊரின் பாடு. இதற்கு டெமிட்டர் விதி என்று பெயர், 1987-லிருந்தே சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய பக்தியெல்லாம் இல்லை, ரெண்டு புள்ளி தாண்டினால்தான் சந்தேகப்படுவேன்.

மாற்றி எழுதி அனுப்பு. ஆடிக் கிருத்திகைக்கு வருகிறாய்தானே, லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வா, மீதியை இங்கே பார்த்துக்கொள்ளலாம்.