லாக் பக்கம் சிவப்பு

தங்கச்சிமடம்
ஜூன் 10

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ கேட்ட கேள்விக்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். பாதியில் "மீட்டிங் இருக்குப்பா" என்று நீ வைத்துவிடுவாய், நானும் கோபத்தில் எதையாவது சொல்லித் தொலைப்பேன். அதனால்தான் கடிதம். "18 வருஷ ஃபோர் வீல் வண்டிக்கு 28,000 ரூபாய் செலவா? வித்துட்டு வேற வாங்க வேண்டியதுதானே" என்றாய். நியாயமான கேள்விதான் தாயி. ஆனால் அம்மா உனக்குச் சொன்னது பாதிக் கதை. அதுவும் அவளுக்குச் சாதகமான பாதி.

ஏப்ரல் கடைசி. தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக்கிடக்க, தனுஷ்கோடி கம்பிப்பாட்டுப் பக்கம் கரைவலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாளில் சூடை, காரல் மீனுக்குக்கூட நல்ல விலை என்பது உனக்கே தெரியும். ரோட்டில் நிறுத்திவிட்டுத் தலைச்சுமையாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் பழைய திமிர். ஐஸ் பெட்டியோடு வண்டியை மணலில் இறக்கினேன். முப்பது அடி போயிருக்க மாட்டேன், பின்சக்கரம் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டது.

சரி, முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற ஃபோர் வீல் போடலாம் என்று சின்ன லிவரைப் பிடித்தேன். சுவரில் இறங்கிய ஆணி மாதிரி நின்றது. இரண்டு கையாலும் இழுத்து ஒருவழியாகப் போட்டேன். இறங்கிப்போய் முன்சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டுகிற ஹப்பைத் திருப்பினால், அது அசையவே இல்லை. லிவர் மட்டும் விழுந்து என்ன பிரயோசனம்? ஹப் லாக் ஆகாவிட்டால் ஆக்சில் உள்ளே சும்மா சுற்றும், சக்கரத்துக்கு இழுவை வராது. கடைசியில் வலை இழுக்கிற ஆட்களே கயிற்றைப் போட்டு வண்டியையும் இழுத்தார்கள். ஒரு பெரியவர், "இன்னிக்கு மீன்பாடு பெரிசுதான், ஆனா ஏலத்துல போகாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த லிவரைக் கடைசியாக எப்போது தொட்டேன்? 2017-ல் அரிச்சல்முனைக்குத் தார் ரோடு வந்தது. அதுவரைக்கும் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும், அதற்கப்புறம் மணலும் கடல்தண்ணீரும்தான். 1964 புயல் அடித்துக்கொண்டுபோன பாதை, ஐம்பது வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. சத்திரத்தில் வண்டியை நிறுத்தியதும் நான் எதுவும் சொல்லாமலேயே நீ குதித்து இறங்கி இரண்டு ஹப்பையும் திருப்பிவிட்டு, கதவைத் தட்டி "போட்டாச்சுப்பா" என்பாய். அது உன் வேலை. ரோடு வந்த வருஷமே நீ கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனாய். ஒன்பதரை கிலோமீட்டர் தாரில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஹப்பை யாரும் திருப்பவில்லை.

பாம்பன் மெக்கானிக்கிடம்தான் கொண்டுபோனேன். கோபக்காரர், ஆனால் வேலை தெரிந்தவர். அடியில் படுத்ததும் அவர் செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்தது. இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸில் இரண்டு பிளக் இருக்கும்: ஆயிலை இறக்குவதற்குக் கீழே ஒன்று, ஊற்றுவதற்கு மேலே ஒன்று. மேலே இருப்பதை முதலில் கழற்றினார். ஏன் என்றேன். "கீழ இருக்கிற ஆயிலையெல்லாம் இறக்கினப்புறம் மேல் பிளக் துருப்பிடிச்சு வரலேன்னா, எது வழியா ஊத்துவீங்க?" என்றார். இத்தனை வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறேன், இது எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆயில் என்று வந்தது டீக்கடைக் காப்பி நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. கேஸுக்கு மூச்சு விட மேலே ஒரு சின்ன டியூப் உண்டு, ப்ரீதர் என்பார்கள். ஓடி ஓடிச் சூடான கேஸ் திடீரென்று கடல்தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். ப்ரீதர் அடைத்திருந்தால் அந்தச் சுருக்கம் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். நம் வண்டியில் குளவி மண்வைத்து அடைத்திருந்தது! பழைய நாளில் நாம் தண்ணீரில் இறக்கி ஏற்றிய பாவமெல்லாம் உள்ளேயே தங்கியிருக்கிறது. நான் எஞ்சின் ஆயிலை மட்டும் தேதி தவறாமல் மாற்றிக்கொண்டிருந்தேன். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்சில், பின் ஆக்சில் என்று அடியில் இன்னும் நான்கு இடத்தில் ஆயில் இருப்பது நினைப்பிலேயே இல்லை. ஃபோர் வீல் போடாமல் டூ வீலில் ஓடும்போதும் பின்சக்கரத்துக்கான இழுவை இந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் வழியாகத்தான் போகிறது. அதனால் பேரிங் இரண்டு போய்விட்டது. ஒரு வருஷமாகக் கேட்ட ஊளைச் சத்தத்தை நான் டயர் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன் ஆக்சிலைத் திறந்தபோதுதான் மனசு கஷ்டப்பட்டது. உள்ளே இருக்கிற பெரிய பல்சக்கரம், அதாவது கிரவுன் வீலில், பாதிக்குக் கீழே பல்லெல்லாம் புதுசு மாதிரி பளபள. அதற்கு மேலே துரு. ஊருணியில் தண்ணீர் நின்ற கோடு தெரியுமே, அந்த மாதிரி ஒரு கோடு. ஹப் ஃப்ரீயில் இருந்தால் உள்ளே ஒன்றும் சுற்றாது, சுற்றாவிட்டால் ஆயில் மேலே ஏறாது. நல்லவேளை, துரு ஆழமாக இறங்கவில்லை. டீசலில் கழுவி, தேய்த்து, அதையே மாட்டியாகிவிட்டது. முன் ஷாஃப்டின் மூட்டில் இருக்கிற கிராஸ் மட்டும் தப்பவில்லை. மூடியைத் தட்டியதும் ஊசி பேரிங்கெல்லாம் மிளகாய்ப்பொடி மாதிரி கொட்டியது.

ஹப்புக்கு வருகிறேன். ஒரு தடவை வேறொரு பட்டறையில் வீல் பேரிங் பார்த்தபோது, ஹப்பின் பூட்டுக்குள்ளேயும் கிரீஸை அப்பி நிரப்பியிருக்கிறார்கள். பேரிங்குக்குத்தான் கிரீஸ் நிறைய வேண்டும். பூட்டு நகர்கிற இடத்தில் மெல்லிசாகத் தடவினால் போதும். அதிகமானால் கெட்டிப்பட்டுப் பிடித்துக்கொள்ளும். உப்பும் சேர்ந்து எல்லாம் சாம்பல் நிறக் களிம்பாகக் கிடந்தது. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டு, வலது பக்கத்து மூடியை நானே உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். துரு போன இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது. சாயம் என்று நினைத்தேன், நகத்தால் சுரண்டினால் வரவில்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இருட்டில் எது லாக், எது ஃப்ரீ என்று தெரியவில்லை என்று உன் நெயில் பாலிஷில் நீ வைத்த அடையாளம். அதற்கு மேல் நான் தேய்க்கவில்லை. "இன்னும் துரு இருக்கே" என்றார் மெக்கானிக். இருக்கட்டும் என்றேன்.

பேரிங், சீல், கிராஸ், ஆயில் எல்லாம் சேர்த்து 17,000. கூலி 8,000. லிவர் லிங்கேஜுக்குப் புஷ் கடைந்ததில் லேத்துக்கு 3,000. உள்ளதைச் சொன்னால், ரோடு வந்தபிறகு வருஷத்தில் பத்து நாள் ஃபோர் வீல் தேவைப்பட்டாலே அதிகம். ஆனால் மீனுக்கு விலை இருக்கிறது அந்தப் பத்து நாளில்தான். புது ஃபோர் வீல் பிக்கப் என்றால் லட்சக்கணக்கில் கடன், அந்தக் கடனுக்கு உன்னிடம்தான் வந்து நிற்பேன். அதற்கு இது தேவலாம்.

இனிமேல் மாதம் ஒரு தடவை ஹப்பை லாக் பண்ணி மணலில் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டுவது என்று முடிவு. ப்ரீதர் டியூபை பானெட்டுக்குள் உயரமாக ஏற்றிக் கட்டியாகிவிட்டது. கடலோரம் போய் வந்தால் அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். எட்டுக் குடம் ஆகிறது. அம்மாவின் கோபத்துக்குப் பாதிக் காரணம் அந்த எட்டுக் குடம்தான்.

நீ வந்தால் சாவியைக் கேட்பாய், அதனால் சொல்லிவிடுகிறேன். தாரில் ஃபோர் வீல் போடாதே. வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் போக வேண்டும். நம் வண்டியில் நடுவில் அதை ஈடுகட்ட ஒன்றும் கிடையாது, முன்னும் பின்னும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். மணலில் சக்கரம் கொஞ்சம் சறுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும், தாரில் முறுக்கிக்கொள்ளும். லிவர் வராவிட்டால் அடித்து இழுக்காதே, கொஞ்சம் ரிவர்ஸ் எடு, தானாக விழும். மணலில் இறங்குமுன் டயர் காற்றை 18-க்கு இறக்கு, ரோடு ஏறியதும் மறக்காமல் ஏற்று.

நேற்று விடிகாலையில் அதே இடத்துக்குப் போனேன். கச்சான் காற்றில் மணல் ரோட்டுக்கே ஏறியிருந்தது. ஹப்பைச் சிவப்புக்குத் திருப்பினேன். லிவர் இரண்டு விரலில் வந்தது. முன்சக்கரம் மணலைப் பிடித்து, மூக்கை லேசாகத் தூக்கி ஏறியது. கரைவலைப் பெரியவர் பார்த்துவிட்டுக் கையை மட்டும் ஆட்டினார்.

ஆடி அமாவாசைக் கூட்டம் வடிந்தபிறகு வா, பாலத்தில் நெரிசல் இருக்காது. நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறது. வரும்போது சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு ஆயில் சீல் வாங்கிவர வேண்டும். முன் ஆக்சில் பினியனில் இன்னும் லேசாகக் கசிகிறது, இங்கே கிடைத்தது சரியாக உட்காரவில்லை. பழைய சீலின் முதுகில் இருந்த எண்ணை அட்டையில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாக வாங்கிவிடு.

அன்புடன்,
அப்பா