கேஸ் டிரையருக்கு ‘டைரக்ட்’ கொடுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்தில் துணி உலர்த்த வீட்டிற்கு ஒரு கேஸ் டிரையர் வாங்குவது பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். விலை, கொள்ளளவு, மின்சார டிரையருடன் ஒப்பீடு எல்லாம் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தன. ஆனால், வாங்கிய பின் அந்த இயந்திரத்தை எப்படிப் பேணுவது, பழுதானால் வீட்டார் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. தோட்டத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்த்து வருபவன் என்ற முறையில், அங்கே விடுபட்டதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு இருப்பதாகக் கருதியே இதை எழுதுகிறேன்.

மாலையானால் மழை பிடித்துக்கொள்ளும் ஊர் இது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், கொடியில் கிடக்கும் துணியை ஓடிப்போய் எடுக்க ஆள் இருப்பதில்லை. 14 கிலோ கேஸ் தோம்பு (சிலிண்டர்) உதவித்தொகை விலையில் 26 வெள்ளி (ரிங்கிட்) 60 காசுக்குக் கிடைப்பதால், மின்கட்டணத்திற்கு அஞ்சும் குடும்பங்கள் கேஸ் டிரையரை நாடுவது நியாயமே. அதை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

எனக்கு வரும் அழைப்புகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: டிரம் சுற்றுகிறது, சூடு மட்டும் வரவில்லை. திறந்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், பல வேளைகளில் தெர்மல் பியூஸ் அறுந்திருக்கும். வெளியேறும் காற்றின் பாதையிலோ பர்னருக்கு அருகிலோ பொருத்தப்பட்டிருக்கும் இந்தச் சிறிய உறுப்பு, வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தன்னை அறுத்துக்கொண்டு இயந்திரத்தைக் காப்பாற்றும். அறுந்தது அறுந்ததுதான், மறுபடி ஒட்டாது. இதன் இரு முனை ஒயர்களையும் முறுக்கி இணைத்து ‘டைரக்ட்’ கொடுத்துவிட்டால் டிரையர் உடனே சூடாகும். வீட்டாருக்கும் மகிழ்ச்சி, பழுதுபார்த்தவருக்கும் வேலை முடிந்தது. இப்படி ‘டைரக்ட்’ கொடுக்கப்பட்ட டிரையர்களை இவ்வட்டாரத்திலேயே பார்த்திருக்கிறேன். பியூஸ் காரணமில்லாமல் அறுவதில்லை. பெரும்பாலும் காற்றுப்பாதை அடைபட்டு, சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்குவதால்தான் அது அறுகிறது. அடைப்பு அப்படியே இருக்க, காவலை மட்டும் எடுத்துவிட்டால், அடுத்து எரியப்போவது டிரையருக்குள் படிந்திருக்கும் பஞ்சுத்தூசுதான். டிரையர் பயன்பாடு மிகுந்த அமெரிக்காவில், 2008 முதல் 2010 வரை வீட்டு டிரையர்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் நேர்ந்ததாக அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கிட்டது. அவற்றுக்கு முதன்மைக் காரணமாக அது குறிப்பிட்டது, சுத்தம் செய்யத் தவறியதைத்தான்.

எனவே பராமரிப்பு என்பது முதலில் காற்றைப் பற்றியது. தோட்டத்துப் புகைவீட்டில் ரப்பர் ஷீட் காய வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈரக்காற்று வெளியேறும் மேல்கதவைத் திறக்காமல் அடுப்பில் விறகை மட்டும் அடுக்கினால், ஷீட் காயாது என்பது அவர்களுக்குத் தெரியும். டிரையரும் அப்படித்தான். பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறை உலர்த்திய பிறகும் கையால் துடைத்தெடுக்க வேண்டும். வாசனைத் தாள் போட்டு உலர்த்தும் வீடுகளில் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் ஒன்று வலையின் மேல் படியும். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் வடிகட்டியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால், தண்ணீர் இறங்காமல் மேலேயே நிற்கும். சவர்க்காரம் கலந்த வெந்நீரில் மெல்லிய பிரஷ் கொண்டு தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பின்பே அதைத் திரும்பப் பொருத்த வேண்டும்.

வடிகட்டியைக் கவனிப்பவர்கள்கூட வெளியே போகும் குழாயை மறந்துவிடுகிறார்கள். அந்தக் குழாய் உலோகத்தால் ஆனதாகவும், இயன்றவரை நீளமும் வளைவும் குறைந்ததாகவும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் கூடவே கூடாது. குழாயின் வெளிவாயில் மைனா கூடு கட்டும், குளவி மண் பூசும். அதைத் தடுக்கிறேன் என்று நெருக்கமான கம்பிவலை அடித்தால், சில மாதங்களில் பஞ்சு அந்த வலையைக் கம்பளி போல மூடிவிடும். தானே திறந்து மூடும் மூடியே போதுமானது. டிரையர் ஓடும்போது வெளிவாயில் கை வைத்துப் பாருங்கள். காற்று வேகமாக வரவில்லை என்றாலோ, முன்பு காய்ந்த அதே அளவு துணி இப்போது வெகுநேரம் எடுக்கிறது என்றாலோ, குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. ஆண்டுக்கு ஒரு முறையாவது, பிளக்கைப் பிடுங்கி, தோம்பின் வால்வையும் மூடிவிட்டு, இயந்திரத்தின் உட்புறத்தில் படிந்த தூசியையும் எடுத்துவிட வேண்டும்.

நம் இணைப்பு வீடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பின்பக்கத்தை நீட்டிக் கூரை போட்டு, காற்றுக்கு விட்ட திறப்பையும் மூடிவிட்டு, அந்த இடத்திலேயே டிரையரை வைத்துக் குழாயைக் கூரைக்கடியில் விட்டுவிடுகிறார்கள். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை கிலோ நீராவி உண்டாகும். துணியின் ஈரமும் அதோடு சேரும். சுவரில் பூஞ்சை பிடிப்பது சிறிய தொல்லை. காற்றுப் போதாமல் கேஸ் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உருவாகும் என்பதுதான் பெரிய தொல்லை. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தோம்புக் கேஸில் மணம் சேர்த்திருக்கிறார்களே என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மணம் எரியாமல் கசியும் கேஸைத்தான் காட்டிக்கொடுக்கும். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்து கரி படிந்தால், இயந்திரத்தை உடனே நிறுத்திவிட வேண்டும். குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்காகச் செய்யப்பட்ட டிரையரை வெளிநாட்டிலிருந்து தருவித்து, பர்னரின் துளையை மாற்றாமல் தோம்பில் இணைத்தாலும் இதே நிலைதான், ஏனென்றால் தோம்புக் கேஸுக்கு அதைவிடச் சிறிய துளை தேவை.

சில பழுதுகளை அறிகுறியை வைத்தே சொல்லிவிடலாம். முதலில் நன்றாகப் பற்றிக்கொண்டு, இயந்திரம் சூடேறிய பிறகு பற்ற மறுத்தால், கேஸ் வால்வைத் திறக்கும் மின்சுருள் (‘காயில்’) தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தடதடவென்று சத்தம் வந்தால் டிரம்மைத் தாங்கும் ரோலர் தேய்ந்திருக்கும். மோட்டார் ஓடியும் டிரம் சுற்றவில்லை என்றால் பெல்ட் அறுந்திருக்கும். பெல்ட்டையும் ரோலரையும் கைப்பழக்கம் உள்ளவர் மாற்றலாம். வால்வு, பர்னர், கேஸ் குழாய் ஆகியவற்றை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற கேஸ் குத்தகையாளரிடமே (ஒப்பந்தக்காரரிடமே) விட வேண்டும். இவற்றில் வீட்டார் செய்யக்கூடியது, இணைப்புகளில் சவர்க்கார நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது மட்டுமே. தோம்புக் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலும் சாக்கடையிலும் தேங்கி நிற்கும். மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வால்வை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் தாய்மார்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். நல்லெண்ணெய்க் குளியல் துண்டு, சமையலறைக் கைத்துணி, செம்பனை ஆலையில் வேலை செய்பவரின் எண்ணெய் படிந்த சட்டை ஆகியவற்றை டிரையரில் போடக்கூடாது. துவைத்த பிறகும் இழைகளில் எண்ணெய் தங்கும். சூட்டோடு எடுத்துக் குவித்து வைத்தால், அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து மேலும் சூடேறி, யாரும் பற்றவைக்காமலேயே துணி பற்றிக்கொள்ளக்கூடும். அவற்றைக் கொடியிலேயே காய வையுங்கள்.

விற்பனையாளர்களிடம் நான் கேட்பது இதுதான்: இயந்திரத்தை இறக்கி வைத்த அன்றே வெளிக்குழாயை முறைப்படி அமைத்துக் கொடுங்கள், பராமரிப்புக் குறிப்பை மலாயிலும் தமிழிலும் ஒரு தாளில் அச்சிட்டு இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். கியாட்மாரா போன்ற பயிற்சி நிலையங்களில் குளிர்சாதனப் பழுதுபார்ப்பைக் கற்கும் நம் பிள்ளைகள், கேஸ் சாதனங்களையும் கற்று உரிய தகுதி பெற்றால், இவ்வூர்களில் அவர்களுக்கு வேலை காத்திருக்கிறது. தாங்களும் அக்கட்டுரையின் தொடர்ச்சியாக, பதிவு பெற்ற ஒரு கேஸ் குத்தகையாளரைக் கொண்டு பராமரிப்பு முறைகளைப் படங்களுடன் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அறுந்த பியூஸ் எப்படி இருக்கும், ‘டைரக்ட்’ கொடுத்த ஒயர் எப்படி இருக்கும் என்று காட்டும் படங்கள் அதில் அவசியம் இடம்பெற வேண்டும்; அப்போதுதான் பழைய டிரையர் வாங்குபவர்கள் பணத்தைக் கொடுக்கும் முன் பின்மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டத் தொழிற்சாலை ஃபிட்டர்,
சுங்கை சிப்புட், பேராக்.