விசில் ஊதுகிற மகளுக்கு

பாப்பா,

சனிக்கிழமை ராத்திரி நீ போனில் பேசியதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. மீதி அழுகை. பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் நேரம் ஒன்றுதான் என்பதால், நீ தூங்காமல் கிடந்த அதே நேரத்தில் நானும் இங்கே விழித்துக்கிடந்தேன். பதினாலு வயதுப் பையன்கள் கூடைப்பந்து ஆட்டத்தில் ஒருத்தனுடைய அப்பா, "இந்தப் பொண்ணை யார் நடுவராகப் போட்டது?" என்று கத்தியது புரிந்தது. இனிமேல் விசிலைத் தொடமாட்டேன் என்று நீ சொன்னதும் புரிந்தது.

உயர்நிலைப்பள்ளியில் படிக்கும்போது வயலட் பாமர், வயலட் பாமர் என்று ஒரு அமெரிக்கப் பெண் நடுவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாயே, நான் காதில் வாங்கவே இல்லை. வலைப்பந்து ஆடினால் போதாதா என்று அத்தை கேட்டதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தவன்தானே நான். நேற்று கீழே கோப்பிக்கடையில் உட்கார்ந்து அந்த அம்மாளைப் பற்றித் தேடிப் படித்தேன். இரண்டு கோப்பி ஆறிப்போனது.

கலிபோர்னியாவில் காம்ப்டன் ஊர்க்காரர். கல்லூரி அணியில் பாயிண்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர். 1985, 86 இரண்டு வருஷமும் அவருடைய அணிதான் தேசிய இரண்டாம் பிரிவு சாம்பியன். அப்புறம் நடுவரானார். 1997 அக்டோபர் 31 அன்று வான்கூவரில் கிரிஸ்லீஸும் டல்லாஸ் மேவரிக்ஸும் ஆடிய ஆட்டத்தில் இறங்கினார். அமெரிக்காவின் பெரிய ஆண்கள் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் பருவ ஆட்டம் ஒன்றுக்குப் பெண் நடுவர் நின்றது அதுதான் முதல் தடவை. பெண்களுக்கு இங்கே வேலையில்லை என்று சார்ல்ஸ் பார்க்லி மாதிரிப் பெரிய ஆட்டக்காரரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பிற்பாடு அவரே மன்னிப்பும் கேட்டார்.

ஆனால் அந்த முதல் நாளைவிட என்னை உலுக்கியது வேறு. அதே 1997இல் டீ கான்ட்னர் என்ற இன்னொரு பெண்ணையும் எடுத்திருந்தார்கள். 2002இல் அவரை அனுப்பிவிட்டார்கள். அடுத்து லாரன் ஹோல்ட்காம்ப் நிரந்தர நடுவராக வந்தது 2014இல். நடுவில் பன்னிரண்டு வருஷம், அத்தனை ஆண் நடுவர்களுக்கு மத்தியில் வயலட் பாமர் ஒருத்திதான். ஊர் ஊராக விமானம் ஏறி, ஆட்டம் முடித்து, ராத்திரி ஓட்டல் அறைக்குத் திரும்பி, அன்றைக்குத் தப்பாக ஊதிய ஒரு ஃபவுலைப் பற்றி யாரிடம் பேசியிருப்பார்? அந்தப் பன்னிரண்டு வருஷத்துக்குள்தான் 2006இல் பிளேஆஃப் ஆட்டத்திலும், அதாவது பருவம் முடிந்தபின் சாம்பியனைத் தீர்மானிக்கிற சுற்றிலும் நின்றார். அதிலும் அவர்தான் முதல் பெண். 2016இல் ஓய்வு பெறும்போது வழக்கமான பருவ ஆட்டங்கள் மட்டும் 919. இந்த எண்ணை நான் இரண்டு தடவை சரிபார்த்தேன், உன்னிடம் தப்பாகச் சொன்னால் விடமாட்டாய்.

இதையெல்லாம் சொல்லி உன்னைத் தேற்ற எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. நீ உயர்நிலை இரண்டில் இருந்தபோது நடந்த ஒரு பள்ளி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே வந்தாய். ஊதியது ஒரு சின்னப் பெண், இருபது வயதுகூட இருக்காது. நான் எழுந்து நின்று கத்தினேன். பெர்த்தில் அந்த ஆள் கத்திய அதே வார்த்தைகள் இல்லை என்றாலும் பெரிய வித்தியாசமும் இல்லை. "அந்தப் பொண்ணு கையைத் தட்டினது நான்தான்ப்பா, அந்த அக்கா கரெக்டாத்தான் ஊதினாங்க" என்று பஸ்ஸில் நீயே சொன்னாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. நீ உடை மாற்றப் போயிருந்தபோது அந்தப் பெண் பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். விசில் இன்னும் கழுத்திலேயே தொங்கியது. நான் பத்தடி தள்ளி நின்றேன். ஒரு "சாரி" சொல்லியிருக்கலாம். போனைப் பார்க்கிற மாதிரி நடித்தேன். சனிக்கிழமை ராத்திரி நீ அழுதபோது எனக்கு அவள் முகம்தான் வந்தது.

விசிலை விடுவதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம். ஜூன் விடுமுறையில் நானும் அம்மாவும் அங்கே வருகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. அப்போது உனக்கு ஆட்டம் இருந்தால் நான் வந்து உட்காருவேன். வாயைத் திறக்கமாட்டேன். நம்பிக்கை இல்லையென்றால் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வை.

முறுக்கு சுட்டுக் கொண்டுவரலாமா, அங்கே விமான நிலையத்தில் விடுவார்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அப்பா